வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளி நாடா

வட்டவளையில் நாம் வெயிலை விட மழையைத்தான் அதிகம் காண்கிறோம். இலங்கையில் மிகக் கூடுதலாக மழை பெறும் இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று. இங்கிருந்துகொண்டு நான் வெப்பத்தைப் பற்றி எழுதுவதற்கு என் மாமாவின் கையில் உள்ள தழும்புதான் காரணம்.

மாமா ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருக்கிறார். அங்கே தேயிலையை உலர்த்தும் டிரையருக்கு ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்று தகரக் குழாய் வழியாகச் செல்கிறது. குழாயின் மூட்டு ஒன்றில் சாதாரண டேப்பைச் சுற்றியிருந்தார்கள். பசை இளகி டேப் கழன்றது. பீறிட்ட காற்று மாமாவின் கையைச் சுட்டுவிட்டது. "டேப்தானே என்று நினைத்துவிட்டோம் மகள்" என்றார்.

கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என வெப்பம் மூன்று வழிகளில் செல்லும் என்று படித்திருக்கிறோம். அலுமினிய நாடா தடுப்பது முக்கியமாக மூன்றாவதை. பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானதைத் தெறிக்கச் செய்யும். நன்றாகத் தெறிக்கும் பரப்பு குறைவாகவே கதிர்வீசும். ஆகவே சூடான குழாயைச் சுற்றினால் வெப்பத்தை உள்ளே காக்கும். வெயிலை நோக்கி வைத்தால் வெப்பத்தை வெளியே நிறுத்தும். ஆனால் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் சிறிது இடைவெளி வேண்டும். இன்னொரு பொருளோடு ஒட்டி அழுத்தினால் அதுவும் மற்ற உலோகங்களைப் போல வெப்பத்தைக் கடத்திவிடும்.

இரண்டு பால் டின்களில் சுடுநீர் ஊற்றி, ஒன்றுக்கு அலுமினியத் தாளும் மற்றதற்குக் கறுப்புத் தாளும் சுற்றிப் பார்த்தேன். கறுப்பு டின்தான் முதலில் ஆறியது.

அலுமினியம் உருக 660 பாகை வேண்டும். பசையோ அதற்கு வெகு முன்பே தோற்றுவிடும். சிலிக்கோன் பசையுள்ள நாடாக்கள் ஏறத்தாழ 260 பாகை வரை தாங்கும். நாடாவின் பலம் அதன் பசையின் பலம்தான்.

விண்வெளியில் காற்று இல்லை; சூரிய வெப்பம் கதிர்வீசலால் மட்டுமே வருகிறது. பூமிக்கு அருகில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1360 வாற்று. அதனால் அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலங்களை, இடையே வலை வைத்து, பல அடுக்குகளாக விண்கலத்துக்குப் போர்த்துகிறார்கள். ஓரங்களை வெப்பந்தாங்கும் நாடாவால் ஒட்டுகிறார்கள். படங்களில் பொன்னாகத் தெரிவது பொன்னல்ல. மஞ்சள் நிறமான பொலிஇமைட் படலத்தின் பின்னால் அலுமினியம் மின்னுகிறது. 1973இல் ஸ்கைலாப் விண்நிலையத்தின் வெயில் மறைப்பு பிய்ந்துபோனபோது உள்ளே வெப்பம் ஏறியது. விண்வெளி வீரர்கள் குடைபோல ஒரு பளபளப்பான விரிப்பை விரித்த பிறகே அது தணிந்தது.

சூரியனை ஆராய 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி இந்தியா ஏவிய ஆதித்யா எல்1 கலமும் பொன்னிறப் போர்வையுடன்தான் சென்றது. அத்திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, தமிழ்நாட்டின் செங்கோட்டையில் அரசாங்கப் பெண்கள் பாடசாலையில் படித்தவர். நம்மைப் போன்ற மாணவியாக இருந்தவர்தான்.

இப்போது மாமா நாடாவை வாங்கும்போது அதில் எழுதியுள்ள வெப்ப அளவை எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறார். அன்புத் தோழியரே, பரீட்சைக்காக மட்டும் நாம் படிக்கும் ஒரு பாடம் வீட்டில் ஒருவரின் கையைக் காப்பாற்றவும் கூடும்.