வெளியே வந்தவர்கள் கூடிப் பேசும்போது

இறுக்கமான ஒரு சபையிலிருந்தோ ஆசிரமத்திலிருந்தோ வெளியே வந்தவரைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இவ்வளவு படிச்சிருந்தும் எப்படி ஏமாந்தே?" என்பதுதான். அந்தக் கேள்விக்குக் கூசியே பலர் வருஷக்கணக்கில் வாய் திறப்பதில்லை. நானும் அப்படி இருந்தவள். பள்ளிக்கூட வயதில் அப்பா அம்மாவோடு ஒரு ஜெபக்குழுவுக்குள் போனேன். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதன் பிறகே வெளியே வந்தேன். தம்பி குடும்பம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இப்போது எங்களைப் போன்றவர்கள் மாதத்துக்கு ஒருமுறை திருநெல்வேலியில் கூடிப் பேசுகிறோம். எல்லோரும் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் அல்ல. ஒருவர் சாமியார் ஒருவரின் ஆசிரமத்தில் சமையல் பொறுப்பில் இருந்தவர். இன்னொருவர் வீட்டை விற்றுக் காணிக்கை கொடுத்தவர். கும்பிட்ட சாமி வேறு வேறு. ஆனாலும் ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் ஜெபக்குழுவை நடத்திய ஐயா செய்ததைத்தான் அவர்களுடைய குருவும் செய்திருப்பார். இந்தப் பேச்சில் எது எங்களைத் தேற்றியது, எதில் கவனமாக இருக்க வேண்டியிருந்தது என்பதை, புதிதாக வெளியே வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படிப்பு விஷயம். ஜப்பானில் ஓம் ஷின்ரிக்யோ என்ற இயக்கத்தார் 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பினார்கள். அதைச் செய்தவர்களில் ஒருவர் இதய அறுவை சிகிச்சை நிபுணர். உயர்ந்த பல்கலைக்கழகங்களில் இயற்பியல் படித்தவர்களும் இருந்தார்கள். எழுத்தாளர் ஹாருகி முரகாமி முதலில் அந்தத் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்து 1997இல் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, அந்த இயக்கத்துக்குள் இருந்தவர்களிடம் பேசி இன்னொரு நூலும் கொண்டுவந்தார். இயக்கத்தைவிட்டு வந்தவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள அங்கே ஓர் அமைப்பும் உருவானது. அதற்குக் கானரிப் பறவையின் பெயரை வைத்தார்கள். அந்த இயக்கத்தின் வளாகத்துக்குள் காவல்துறை நுழைந்தபோது, நச்சுவாயு இருந்தால் முன்கூட்டியே தெரியட்டும் என்று கூண்டில் தூக்கிப்போன பறவை அது. படிப்பு இதற்குத் தடுப்பூசி ஆகாது. வீட்டில் சாவு, வேலை போனது, புது ஊரின் தனிமை என்று மனசு இளகியிருக்கும் வேளையில் யார் வந்து கையைப் பிடித்தார்கள் என்பதுதான் பெரும்பாலும் காரியம்.

அதனால் எங்கள் கூடுகையில் "ஏன் சேர்ந்தீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. "அங்கே உங்களுக்குப் பிடிச்சது என்ன?" என்று கேட்கிறோம். புதிதாக வருகிறவர்கள் முதலில் திகைப்பார்கள். பிறகு பேசுவார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முறை வைத்துச் சோறு கொண்டுவந்த சபையார். முழு இரவு ஜெபத்தில் எல்லோரும் சேர்ந்து பாடிய பாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போகாவிட்டால் விசாரிக்க ஆள் வரும் என்கிற நிம்மதி. இதையெல்லாம் இழந்த துக்கம் உண்மையான துக்கம். வெளியுலகத்தாரிடம் இதைச் சொன்னால், "அப்ப திரும்பிப் போயிடு" என்பார்கள். கொடுமையை மட்டும் சொல்ல இடம் கொடுத்து, இந்த ஏக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்காவிட்டால் அது உள்ளேயே தங்கிவிடும். அந்த ஏக்கத்தோடு தனியாக இருந்துதான் சிலர் திரும்பவும் உள்ளே போகிறார்கள்.

இரண்டாவது, யாரும் தன் கதையைச் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக் கூடாது. எங்கள் ஜெபக்குழுவில் புதன்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் அறிக்கை பண்ண வேண்டும். செய்த பாவத்தை மட்டுமல்ல, மனசில் ஓடியதையும் சொல்ல வேண்டும். சொன்னதெல்லாம் ஒரு நோட்டில் ஏறும். சில வாரம் கழித்து, பெயர் சொல்லாமல் அது பிரசங்கத்தில் வரும். பெயர் சொல்லாவிட்டாலும் யாரென்று எல்லோருக்கும் தெரியும். ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சீனாவில் 'சிந்தனைச் சீர்திருத்த'த்துக்கு ஆளாகி வந்த 40 பேரிடம் ஹாங்காங்கில் பேசி, 1961இல் ஒரு நூல் எழுதினார். மனிதர்களை முழுவதுமாகப் பிடித்துவைக்கும் அமைப்புகளின் எட்டு அடையாளங்களை அதில் வகுத்தார். அவற்றில் ஒன்று, அறிக்கையிடுவதையே ஒரு வழிபாடாக ஆக்குவது. மதமே சம்பந்தப்படாத இடத்தில் கண்டறிந்தது அது. படித்தபோது எங்கள் புதன்கிழமையே கண்முன் வந்தது.

ஆகவே முதல் கூடுகையில் ஒன்றும் பேசாமல் டீ குடித்துவிட்டுப் போகலாம். போனில் பதிவு செய்வதில்லை, யாரும் குறிப்பு எடுப்பதில்லை. ஒருவர் பாதியில் நிறுத்தினால் "அப்புறம்?" என்று கிளறுவதில்லை. இந்த ஒழுங்கு இல்லாமல் கூட்டம் நடத்தினால், அழுது தீர்ப்பவருக்கு மதிப்பும் அழாதவருக்குச் சந்தேகப் பார்வையும் கிடைக்கும். நாங்கள் ஓடிவந்ததே அப்படிப்பட்ட இடத்திலிருந்துதான்.

பயத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நம்பிக்கை போன பிறகும் பயம் உடம்பைவிட்டுப் போகாது. எங்கள் பக்கத்தில் இயேசுவின் இரகசிய வருகையைச் சொல்லி வளர்த்தார்கள். ஒரு நொடியில் பரிசுத்தவான்கள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்று. நான் வெளியே வந்து வெகுகாலத்துக்குப் பிறகும், வீட்டுக்குள் நுழையும்போது கூப்பிட்ட குரலுக்கு யாரும் பதில் சொல்லவில்லையென்றால் கைகால் சில்லிட்டுப்போகும். இதைக் கூடுகையில் சொன்னபோது, இன்னும் பலர் தங்களுக்கும் அப்படியே என்றார்கள். ஒரு தம்பி பக்கத்து வீட்டு ஆச்சி குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டுவானாம், அவர் பக்திமான் என்பதால். ஆசிரமத்திலிருந்து வந்தவருக்கு வேறு பயம். குருவின் படம் தன் மனசுக்குள் ஓடுவதைப் பார்க்கிறது என்று நம்பியவர் அவர். ஓட்டலில் அதே படம் மாட்டியிருந்தால் இன்றும் எழுந்து வந்துவிடுகிறார்.

அந்தப் பயத்தைக் குறைக்க எங்களுக்கு உதவிய ஒரு வழி, அது என்ன சொல்லி மிரட்டியது என்று அப்படியே எழுதிப்பார்ப்பது. "சபையை விட்டுப்போனால் பிள்ளைக்கு ஆபத்து வரும்" என்று தீர்க்கதரிசனம் உரைத்தார்களா? தேதியோடு எழுதுங்கள். பிள்ளைக்குச் சளி பிடிக்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் காகிதத்தை எடுத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சளி பிடித்ததா என்று பாருங்கள். காய்ச்சலைச் சாபமாகப் பார்த்துப் பழகிய கண் உடனே மாறாது. மருந்து சாப்பிடுவதே அவிசுவாசம் என்று போதித்த இடத்திலிருந்து வந்தவர்கள் எங்களில் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை வாங்க மருந்துக்கடை வாசலில் நின்று கைநடுங்கியவரோடு ஒருவர் கூடப் போவதுதான் அன்றைக்குத் தேவைப்பட்ட உதவி. உறக்கம் வாரக்கணக்கில் கெட்டாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ கூடுகை மட்டும் போதாது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சாமி பெயரைச் சொன்னால் டாக்டர் கேலி செய்வாரோ என்று தயங்க வேண்டாம். பயத்தின் விவரத்தை அப்படியே சொல்லுங்கள்.

உள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களின் பாடு இன்னும் கடினம். திரும்பிப்போக அவர்களுக்கு ஒரு 'பழைய நான்' கிடையாது. ஜப்பானில் 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவரின் தாய் ஒரு மத அமைப்புக்குப் பெருந்தொகை கொடுத்துக் குடும்பம் நொடித்துப்போன செய்தி வெளியானது. அதன் பிறகு, பக்தர்களின் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் பொதுவெளியில் பேசத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு அரசு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. நரகத்துக்குப் போவாய் என்று பிள்ளையை மிரட்டிப் பணியவைப்பது உளவியல் துன்புறுத்தல், மதத்தின் பெயரால் தேவையான மருத்துவத்தை மறுப்பது புறக்கணிப்பு என்று அதில் சொன்னார்கள். எங்கள் கூடுகையில் இதை வாசித்துக் காட்டியபோது, உள்ளேயே பிறந்த ஒரு பெண் திரும்ப வாசிக்கச் சொன்னாள்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். வெளியே வந்தவர்கள் கூடும் இடமே இன்னொரு சபையாகிவிடக்கூடும்.

உள்ளே இருந்தபோது எல்லா முடிவையும் ஐயாவிடம் கேட்டுத்தான் எடுத்தோம். எந்தக் காலேஜ், எந்த வரன், வீடு மாறலாமா, எல்லாம். அந்தப் பழக்கம் நம்மோடுதான் வெளியே வருகிறது. எங்களிடம் வந்த ஒருவர் நன்றாகப் பேசுவார், வசனத்தையும் கரைத்துக் குடித்தவர். சில மாதத்தில் எல்லோரும் அவரிடமே சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். அவர் நல்லவர், எதையும் எதிர்பார்க்காதவர். இருந்தாலும் முறையை மாற்றினோம். ஒவ்வொரு மாதமும் வேறொருவர் நடத்துவது, டீ வடைக்கு மேல் காசு வசூலிப்பதில்லை என்று.

நகை போடாத சபையில் இருபது வயதில் கம்மலைக் கழற்றிய ஒரு அக்கா, காது ஓட்டை தூர்ந்துபோன பிறகு மறுபடி காது குத்தலாமா என்று கேட்டார். "குத்துங்க அக்கா, விடுதலையாயிட்டீங்கல்ல" என்று நாலு பேர் உற்சாகமாகச் சொன்னார்கள். அதையும் தடுக்க வேண்டியிருந்தது. குத்துவதும் விடுவதும் அந்த அக்காவின் இஷ்டம். அடுத்த மாதம் குத்தாமல்தான் வந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சாமி நம்பிக்கையும் அப்படியே. எங்களில் சிலர் இப்போது சிஎஸ்ஐ கோயிலுக்குப் போகிறார்கள், சிலர் திருச்செந்தூருக்குப் போகிறார்கள், சிலர் எங்கும் போவதில்லை. "இன்னும் ஜெபம் பண்றீங்களா?" என்று ஒருவரை ஒருவர் சோதிப்பதில்லை.

காகித வேலைகளைத் தள்ளிப்போட வேண்டாம். ஆசிரமத்திலோ சபை விடுதியிலோ ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்திருந்து, திரும்ப வாங்க முடியாவிட்டால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் மதிப்பெண் சான்றிதழின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் யார் செல்போன் எண் இருக்கிறது, நாமினி யார் என்று பாருங்கள். சொத்தைத் தான செட்டில்மென்டாக எழுதிப் பதிந்திருந்தால், நாமாகப் போய் ரத்து செய்துவிட முடியாது. வக்கீலைப் பார்க்க வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு, எண் 15100.

கூடுகையில் பேசுவது வெளியே போகக் கூடாது என்ற ஒழுங்குக்கு ஒரே ஒரு விலக்கு வைத்திருக்கிறோம். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் கொடுமை என்றால், தெரிந்தவர் புகார் செய்வது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கடமை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். கயானாவில் ஓர் அமெரிக்க மதக்குழு அமைத்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்பின் கதையை நான் அடிக்கடி சொல்வது இதற்காகத்தான். அங்கிருந்து தப்பிய டெபோரா லேட்டன் 1978 ஜூனிலேயே, கூட்டுத் தற்கொலைக்கு அங்கே ஒத்திகை நடக்கிறது என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார். முன்னாள் உறுப்பினர்களும் உறவினர்களும் அமைப்பாகச் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன் அவர்கள் சொல்லைக் கேட்டு நேரில் போனார். நவம்பர் 18 அன்று அவரும் கொல்லப்பட்டார். அன்று ஒரே நாளில் இறந்தவர்கள் 900க்கும் மேல், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிள்ளைகள். வெளியே வந்தவர்கள் கசப்பில் பேசுகிறார்கள் என்று ஒதுக்குகிறவர்கள் இதை நினைத்துப்பார்க்க வேண்டும்.

உள்ளே இருக்கும் உறவுகளோடு வசனத்தை வைத்து வாதாடாதீர்கள். அவர்களுக்கு அந்த வாதங்களுக்கெல்லாம் பதில் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நாம் கோபப்பட்டால், பின்வாங்கிப்போனவர்கள் இப்படித்தான் ஆவார்கள் என்று சொல்லப்பட்டது மெய்யாகிவிடும். நான் தம்பிக்கு அனுப்புவது சாதாரணச் செய்திகள். மழை பெய்தது, சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன், உன் மகளுக்கு ரிசல்ட் எப்போ. பெரும்பாலும் பதில் வராது. ஆனாலும் போன் எண்ணை மாற்றாமல் வைத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் தம்பி மனைவி கூப்பிட்டாள். "மதினி, பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கவே மாட்டேங்குது. யாரைக் காட்டலாம்?" டாக்டர் பெயரையும் அவர் இருக்கும் நேரத்தையும் சொன்னேன். சபையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே காட்டினார்கள். டெங்கு என்று தெரிந்து உள்நோயாளியாகச் சேர்த்தார்கள், பிள்ளை தேறிவிட்டாள். அதன் பிறகு அவள் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை கூப்பிடுகிறாள்.

எங்கள் கூடுகைக்குச் சில காலம் வந்துவிட்டு நின்றுவிடுகிறவர்கள் உண்டு. சிலருக்கு இனி இது தேவைப்படவில்லை, சிலர் பழைய இடத்துக்கே போயிருக்கிறார்கள். யாருக்கும் போன் போட்டு "ஏன் வரவில்லை?" என்று விசாரிப்பதில்லை. திரும்பி வந்தால் நாற்காலி போடுகிறோம், டீ சொல்கிறோம்.