மணப்பேச்சில் மெய்ம்மை

அறத்தை இல்லறம், துறவறம் என இருவகையாகப் பகுத்த நம் ஆசாரியர்கள், துறவறத்தை உயர்த்திக் கூறினும் இல்லறத்தை இகழ்ந்தாரல்லர். முனிவர்க்கு ஆகாரதானம் அளிப்பவரும், ஜினாலயங்களைப் பேணுபவரும், மக்களுக்கு நெறியைக் கற்பிப்பவரும் இல்லறத்தாரே ஆவர். அவ்வில்லறத்தின் வாயில் திருமணம். அவ்வாயிலின் முதற்படி, பெண் கேட்டலும் மாப்பிள்ளை பார்த்தலுமாகிய மணப்பேச்சு. பந்தலுக்கும் பத்திரிகைக்கும் நாம் செலுத்தும் கவனத்தில் பாதியையேனும் இம்முதற்படியில் செலுத்துகிறோமா என்பதே இப்பாடத்தில் நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

கேட்டல் முன், முடித்தல் பின்

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் ஜினசேனாசாரியர் அருளிய ஆதிபுராணத்தில் விருஷபதேவரின் திருமணம் கூறப்படுகின்றது. போகபூமி மறைந்து கருமபூமி தொடங்கும் காலம் அது. நாபிராஜர் தம் திருமகனார் மணப்பருவம் எய்தியதை உணர்கின்றார். தந்தையும் தலைவருமாகிய அவர் ஆணையிட்டிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், தாமே மகனை அணுகி, இல்லறம் மேற்கொள்ள வேண்டியதன் காரணத்தை எடுத்துரைத்து, இசைவைக் கேட்கின்றார். பெருமான் இசைந்த பின்னரே, கச்சர், மகாகச்சர் என்போரின் தங்கையராகிய யசஸ்வதியையும் சுநந்தையையும் மணம் பேசுகின்றார். கருமபூமியின் தொடக்கத்தில் நிகழ்ந்த மணமே இசைவு கேட்டு நடந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இசைவு ஆண்மகனுக்கு மட்டும் உரியதோ எனின், அன்று. மணநூல் எனப் பெயர் பெற்ற சீவகசிந்தாமணியில், காந்தருவதத்தை யாழ்ப்போரில் தன்னை வென்றவனையே மணப்பவளாகக் காட்டப்படுகின்றாள். குணமாலை தன் உள்ளத்தைக் கிளியைத் தூதுவிட்டு உணர்த்துகின்றாள். அவள் விருப்பம் அறியப்பட்ட பின் பெரியோர் பேசி மணத்தை முடிக்கின்றனர். விருப்பம் பெண்ணுடையது, முடித்து வைக்கும் பொறுப்பு பெற்றோருடையது எனத் திருத்தக்கதேவர் இரண்டையும் முரணின்றி அமைத்துள்ளார்.

அஞ்சனையின் மௌனம்

கேளாமல் விடுவதால் விளையும் தீங்கினை இரவிசேணாசாரியரின் பத்மபுராணம் காட்டுகின்றது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் தோன்றிய அந்நூலில் அனுமனின் பெற்றோராகிய பவனஞ்சயன், அஞ்சனை ஆகியோரின் வரலாறு வருகின்றது. இருவருக்கும் மணம் உறுதியாயிற்று. மணநாள் வரை பொறுத்திருக்க இயலாத பவனஞ்சயன், தோழனுடன் மறைந்து சென்று அஞ்சனையைக் காண்கின்றான். அப்போது அவளுடைய தோழியருள் ஒருத்தி பவனஞ்சயனைப் புகழ, மற்றொருத்தி அவனை இகழ்ந்து, வித்யுத்பிரபன் என்பானே சிறந்த மணாளன் என்கின்றாள். அஞ்சனை ஒன்றும் கூறவில்லை. நாணத்தால் எழுந்த அம்மௌனத்தை, அவள் வேறொருவனை விரும்புகின்றாள் என்பதற்குச் சான்றாகக் கொண்டான் பவனஞ்சயன். சினங்கொண்டு மணத்தையே விலக்க எண்ணியவன், பெரியோர் வற்புறுத்தலால் மணந்தான். மணந்தபின் அவளை ஏறெடுத்தும் பாராமல் 22 ஆண்டுகள் ஒதுக்கி வைத்தான்.

போருக்குச் செல்லும் வழியில், துணையைப் பிரிந்து வருந்தும் சக்கரவாகப் பறவையைக் கண்ட பின்னரே தன் கொடுமையை உணர்ந்து மீண்டான். ஒரு வினா கேட்டிருந்தால் ஒரு நாழிகையில் நீங்கியிருக்க வேண்டிய ஐயம், ஒரு பெண்ணின் இளமையை விழுங்கிற்று.

இவ்வரலாற்றைப் பழவினையின் பயன் என்று கூறி நிறுத்திவிடுதல் போதாது. வினைப்பயனை ஏற்பது ஒன்று, நம் அறியாமையால் புதுவினை ஈட்டுவது வேறொன்று. மௌனம் சம்மதமாகவும் இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம், நாணமாகவும் இருக்கலாம். எதுவென்று அறிய வேண்டுமாயின் கேட்டறிதலே வழி.

சொல்லப்படாத எதிர்பார்ப்புகள்

நம் சமூகத்தார் தொகையிற் சிறியர். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களைத் தாயகமாகக் கொண்ட நம் குடும்பங்கள் பெரும்பாலும் முன்னரே உறவினராகவோ அறிமுகமானவராகவோ இருப்பர். இது நன்மையே. ஆயினும் இதனாலேயே ஓர் இடர்ப்பாடும் உண்டு. வெளிப்படையாக வினவினால் ஐயுறுவதாகக் கருதுவரோ என்றும், மறுத்துவிட்டால் அடுத்த திருவிழாவில் முகங்கொடுத்துப் பேச இயலாதே என்றும் எண்ணி, இருவீட்டாரும் கேட்க வேண்டியவற்றைக் கேளாமலே தாம்பூலம் மாற்றிக் கொள்கின்றனர். கூடம் நிறைய உறவினர் அமர்ந்திருக்க, காப்பித் தட்டுடன் நிற்கும் பெண்ணிடம் "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால், தலையசைத்தலன்றி அவள் வேறு என்ன விடை கூற இயலும்?

மணமக்களின் உள்ளத்திலோ எதிர்பார்ப்புகள் பலவுள. கற்ற கல்விக்கேற்ற வேலையைத் தொடரலாம் எனப் பெண் எண்ணியிருப்பாள். வீட்டில் இருந்து பெற்றோரைக் கவனித்துக் கொள்வாள் என மணமகன் எண்ணியிருப்பான். ஒருவர் சென்னையிலோ பெங்களூரிலோ குடியிருக்க நினைக்க, மற்றவர் ஊரோடு இருப்பதையே விரும்புவார். ஒருவர் கதிரவன் மறையுமுன் உண்டு, கிழங்கு வகைகளை விலக்கி வாழ்பவராயிருப்பார். மற்றவர் அலுவலகம் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு உண்பவராயிருப்பார். இவற்றுள் எதுவும் குற்றமன்று. சொல்லாமல் மறைத்து, மணத்திற்குப் பின் "இது தெரியாதா?" எனச் சினப்பதே குற்றம்.

மெய்ம்மை அணுவிரதமும் மணப்பேச்சும்

சாவகர்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் பொய்யாமையும் ஒன்று. உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. அவற்றுள் இரண்டு மணப்பேச்சுக்கு நேரே பொருந்துவன.

ஒன்று கூடலேககிரியை, அதாவது பொய்யாக எழுதுதல். பொருத்தம் அமையும் பொருட்டுப் பிறந்த நேரத்தை மாற்றி ஜாதகம் கணிப்பித்தலும், இல்லாத பட்டத்தையும் ஊதியத்தையும் குறிப்பில் எழுதித் தருதலும் இதன்பாற்படும். நீண்டநாள் நோயையோ முன்னர் நிகழ்ந்த மணத்தையோ மறைத்தலும் மெய்ம்மைக்கு மாறே. "நல்ல காரியத்திற்காகச் சொல்லும் பொய்" என்னும் சமாதானம் ஈண்டுச் செல்லாது. அப்பொய்யால் துன்புறுவது மற்றொரு வீட்டின் பிள்ளையன்றோ?

மற்றொன்று ரகோப்யாக்கியானம், அதாவது மறைவில் அறிந்ததை வெளியிடுதல். ஒரு வீட்டார் நம்மை நம்பிக் கூறிய உடற்குறையையோ குடும்பக் கடனையோ, சம்பந்தம் கூடாமற் போனபின் ஊரெங்கும் உரைப்பது இக்குற்றமாகும். வெளிப்படையாகப் பேச வேண்டும் என நாம் விரும்பினால், பேசியதைக் காக்கும் பண்பும் நமக்கு வேண்டும். இரண்டாவது இல்லையேல் முதலாவதற்கு ஒருவரும் துணியார்.

மிகுபொருள் விரும்பாமை என்னும் ஐந்தாம் விரதத்தையும் இங்கு நினைத்தல் தகும். பொருளுக்கு வரையறை செய்து கொண்டவர், மருமகள் வரவைப் பொருள் வரவாக எண்ணுதல் எங்ஙனம் பொருந்தும்? "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதுதானே" என்னும் சொல்லும் ஒருவகைக் கேட்டலே.

சட்டம் கூறுவது

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் ஜைனர்க்கும் பொருந்தும். மணமகனுக்கு 21 வயதும் மணமகளுக்கு 18 வயதும் நிறைந்திருத்தல் வேண்டும். வற்புறுத்தியோ, மணமக்களைப் பற்றிய முக்கியமான செய்தியில் ஏமாற்றியோ பெற்ற இசைவால் நடந்த மணத்தை நீதிமன்றத்தின் வழியே நீக்கிக்கொள்ள அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு இடமளிக்கின்றது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், கொடுப்பதையும் வாங்குவதையும் மட்டுமன்றிக் கேட்பதையும் குற்றமாக்குகின்றது. இசைவு, மெய்ம்மை, பேராசையின்மை ஆகிய இம்மூன்றையும் நம் ஆகமம் சட்டத்திற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே வலியுறுத்தியிருக்க, நீதிமன்றம் சென்று அவற்றைக் கற்பது நமக்குப் பெருமையாகாது.

இல்லந்தோறும் செய்யத்தக்கவை

1. ஜாதகத்தை எடுக்குமுன், மகனிடமும் மகளிடமும் தனித்தனியே அமர்ந்து அவரவர் கருத்தைக் கேட்டல் வேண்டும். இப்போது மணம் வேண்டாம் என்னும் விடையையும் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

2. பெண் பார்க்கும் நாளிலேயே முடிவைக் கேளாமல், இருவரும் பெரியோர் அறிய ஓரிரு முறை பேசிப் பழக இடமளித்தல் வேண்டும்.

3. வேலை, குடியிருக்கும் ஊர், பெற்றோரைப் பேணுதல், உணவு நியமம், கடன், உடல்நலம் ஆகிய ஆறினையும் நிச்சயதார்த்தத்திற்கு முன்பே பேசித் தெளிதல் வேண்டும். பெண்ணின் பெற்றோரும் முதுமை அடைவர் என்பதை இங்கு மறத்தலாகாது.

4. மறுக்க நேரின் விரைந்தும் இன்சொல்லாலும் மறுத்தல் வேண்டும். மறுக்கப்பட்டவர் அதனை இழிவாகக் கொள்ளலாகாது.

5. இடைநின்று பேசுவோர் இரு வீட்டாருக்கும் ஒரே செய்தியையே கூறுதல் வேண்டும்.

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் காட்சியே முதலில் வைக்கப்பட்டது. உள்ளதை உள்ளவாறு காணாதவன் அறிவதும் ஒழுகுவதும் பிழைபடும். மணப்பேச்சிற்கும் இம்முறையே பொருந்தும். இருவரும் ஒருவரையொருவர் உள்ளவாறு கண்டு இசைந்தால், பின்னர் வரும் குறைகளைப் பொறுத்தல் எளிதாகும். இத்தை மாதத்திலோ வைகாசியிலோ நம் இல்லங்களில் மணம் பேசப் புகுவோர், நாள் குறிக்குமுன் அஞ்சனையின் 22 ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

அறவாழி அந்தணன் திருவறம் ஓங்குக!