தார்ப்பாதையில் எண்ணெய்க் கறை

போன மாசியில் என்னுடைய மிளகாய் மூட்டை ஒன்று திரும்பி வந்தது. பூசணம் இல்லை, நிறமும் மங்கவில்லை. வியாபாரி மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். "என்ன தம்பி, டீசல் வாடை அடிக்குது?" அவ்வளவுதான். பக்கத்தில் எங்கள் குழுவைச் சேர்ந்த இருவர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. ஒருவருக்கொருவர் தோட்டம் பார்த்துச் சான்று கொடுத்துக்கொள்ளும் பங்கேற்புச் சான்றுமுறையில் இருக்கிறோம். ஒருத்தன் மூட்டையில் வாடை வந்தால் சந்தேகம் எல்லார் மூட்டை மேலும்தான் விழும்.

ஒரு சொட்டு மருந்து படாமல் வளர்த்த முண்டு மிளகாய் அது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம இராமநாதபுரத்து முண்டு. வயலில் காத்ததை வாசலில் விட்டுவிட்டேன்.

ரோட்டிலிருந்து கொட்டகை வரை பத்தடி அகலத்தில் தார் போட்டு வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசலில் வண்டி மாட்டாமல் இருக்கப் போட்டது. ஆனால் மாசி முதல் சித்திரை வரை அதுதான் எனக்குக் களம். டிராக்டரின் ஹைட்ராலிக் குழாய் கசிந்தது அந்தப் பாதையில்தான். கசிவை உடனே பார்த்திருந்தால் பாதி வேலை மிச்சம். பார்த்தது மறுநாள். அதைச் சரிசெய்கிறேன் என்று டிரைவர் தம்பி செய்ததுதான் பெரிய கேடு. "கொஞ்சம் பெட்ரோல் ஊத்தித் தேய்ச்சா போயிரும்ணே" என்றான். ஊற்றினான், தேய்த்தான். கறை போகவில்லை, தார் இளகி ஜல்லி கையோடு வந்தது.

ஏன் அப்படி? கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கெட்டிதான் நாம் ரோட்டுக்குப் போடும் தார். எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பெட்ரோலும் டீசலும் பட்டால் தார் கரையும். சிமெண்ட் தளத்தில் எண்ணெய் துளைகளுக்குள் போய் உட்காரும், தாரிலோ தாரோடு தாராகக் கலந்துவிடும். அதனால் தார்க் கறைக்குப் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், தின்னர் நான்கும் ஆகாது. கொதிநீரும் வேண்டாம், அதுவும் தாரை இளக்கும்.

மிளகாய்க்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் பிடித்தது என்று அப்பத்தாவிடம் கேட்டால் சொல்லிவிடும். தாளிக்கும்போது வற்றலைப் போட்டால் எண்ணெய் சிவக்கும், காரமும் இறங்கும். மிளகாயின் நிறமும் காரமும் எண்ணெயில் கரைபவை. தண்ணீரோடு அவற்றுக்கு ஒட்டு குறைவு. சுட்டுக்கிடக்கும் தாரில் இளகிய டீசலும் கழிவு எண்ணெயும் அந்தத் தோலில் ஏறுவதற்குக் கேட்கவா வேண்டும்? என்ஜினில் ஓடித் தேய்ந்த எண்ணெயில் உலோகத் தூளும் இருக்கும். வாடை போனாலும் அது போகாது.

சரி, கொட்டிவிட்டது. முதலில் தண்ணீரைத் தொடாதீர்கள். தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மிதந்து பரவும், இரண்டடிக் கறை பத்தடியாகும். கறையைச் சுற்றி மண்ணால் வரப்புக் கட்டுங்கள். பிறகு பொடியான, காய்ந்த எதையாவது தூவுங்கள். அடுப்புச் சாம்பல், மரத்தூள், காய்ந்த களிமண் தூள் எல்லாம் உதவும். நம் பக்கம் சீமைக்கருவேல் மூட்டம் போடுகிற இடங்களில் கரித்தூள் சும்மாவே கிடக்கும். உச்சிப்புளி, மண்டபம் பக்கத்தார் தென்னை நார்த்தூளை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இருந்ததில் நார்த்தூள்தான் நன்றாக உறிஞ்சியது. கடற்கரை மணல் வேண்டாம். பரல் பெரிதாக இருப்பதால் பிடிக்காது, கூட்டித் தள்ளினால் உப்பும் வயலுக்கு வரும். தூவியதைச் செருப்புக் காலால் மிதித்து அழுத்தி, ஓர் இரவு விட்டுக் கூட்டி அள்ளுங்கள். தூள் ஈரமில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பப் போடுங்கள். மூன்று தடவை போட்டேன்.

அப்புறம்தான் கழுவுவது. எண்ணெய் தேய்த்த தலைக்கு அரப்பு போடுகிறோமே, அதே சங்கதிதான் இங்கேயும். அரப்பு, பூந்திக்கொட்டை இரண்டிலும் நுரைக்கும் பொருள் இருக்கிறது. அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். நம் போர் தண்ணீர் உவர்ப்பு. அதில் சோப்பு நுரைக்காமல் திரிந்து பிசுக்காக ஒட்டும். பூந்திக்கொட்டைக்கு அந்தத் தொல்லை குறைவு. இருபது கொட்டையை இரவு ஊறவைத்துப் பிசைந்து, அந்தத் தண்ணீரைக் கறையில் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டு, பனந்தும்பு பிரஷால் தேய்த்தேன். கம்பி பிரஷ் போட்டால் ஜல்லி பெயரும். நுரையை ஓடவிடாமல் மறுபடி நார்த்தூள் தூவி உறிஞ்சி எடுத்தேன். இதுதான் முக்கியம். என் பாதை ஊருணிப் பக்கம் சரிகிறது. ஊருணி நிறைந்தால் ஓடை, ஓடை போய்ச் சேர்வது கடல்.

தண்ணீரில் இறங்கிய எண்ணெயை எடுப்பது எத்தனை பாடு என்று 2017 ஜனவரியில் எண்ணூரில் பார்த்தோம். இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டியதை ஆட்கள் கரையில் நின்று வாளியால் மொண்டார்கள். நம் பக்கத்து மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

துருக்கறைக்குப் புளிக்கரைசல் போதும், தேய்த்துக் கழுவிவிடலாம். பழைய எண்ணெய்க் கறை முழுக்கப் போகாது. கறுப்பின் மேல் கறுப்பு, கண்ணுக்குத் தெரியாமல் மறையும், அவ்வளவுதான். அதனால் கண்ணை நம்பாதீர்கள். உச்சி வெயிலில் வெள்ளைத் துணியை அந்த இடத்தில் விரித்து ஒரு கல்லை வைத்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். என் துணியில் இரண்டு மாதம் கழித்தும் மஞ்சள் வளையம் விழுந்தது. பெட்ரோல் பட்டு இளகின இடத்தைக் கொத்தி எடுத்துப் புதிதாக ஜல்லித்தார் போட வேண்டியிருந்தது.

அள்ளிய தூளை என்ன செய்வது? எருக்குழியில் போடக்கூடாது, எரிக்கவும் கூடாது. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் உண்டு. ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்ற நம் நாட்டு விஞ்ஞானி உருவாக்கிய அப்படிப்பட்ட ஒன்றுக்குக் காப்புரிமை தரலாம் என்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. நம் மண்ணிலேயே அவற்றின் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் முழுக்கக் கரிமம் என்பதால், வைக்கோலை மக்கவைப்பது போலத் தழைச்சத்தும் காற்றும் ஈரமும் கொடுக்க வேண்டும். ஊருணிக்கும் கிணற்றுக்கும் தள்ளி, அடியில் களிமண் பூசிய மேட்டுக் குழியில் மண், மக்கிய சாணி, மாட்டுக் கோமியத்தோடு கலந்து, மழை படாமல் மூடி, வாரம் ஒருமுறை புரட்டுகிறேன். வாடை தேய்ந்துகொண்டே வருகிறது. ஆனாலும் உலோகத்தை எந்த உயிரும் தின்னாது. அதனால் அந்த மண் வயலுக்குப் போகாது. வண்டியில் மாற்றிய பழைய எண்ணெயைக் குழியில் கொட்டலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016-ஆம் ஆண்டு விதிகளில் அது அபாயக் கழிவு. கேனில் பிடித்து, பழைய எண்ணெய் வாங்க உரிமம் உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

இந்த வருடம் டிராக்டர் கொட்டகைக்குப் பின்பக்கம் நிற்கிறது, அடியில் ஒரு தகரத் தட்டு. காலையில் வண்டியை எடுக்குமுன் தட்டைப் பார்ப்பது டிரைவர் தம்பி வேலை. மிளகாய் குழுவின் சிமெண்ட் களத்துக்குப் போய்விட்டது. அங்கே இடம் கிடைக்காத நாளில் முன்வாசலில் பாய் விரிக்கிறேன், தார் பக்கம் போவதில்லை. திரும்பி வந்த மூட்டை இன்னும் கொட்டகை மூலையில் கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லாரையும் ஒரு தடவை மோந்து பார்க்கச் சொல்கிறேன்.