பம்பரில் பிளேடு வைக்கும் முன்

காரில் ஃபாக் லேம்ப் மாட்ட பம்பரை வெட்ட வேண்டியிருந்தால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பம்பரையும் கழற்றிக் கீழே வைத்தே வெட்டுங்கள். மாட்டியபடி வெட்டினால் பின்னால் ஓடும் ஒயர் கண்ணில் படாது.

பெரும்பாலான பம்பர்கள் பாலிபுரொப்பிலீனால் ஆனவை. கிரைண்டரின் சூட்டில் அது உருகிப் பிசுபிசுக்கும். கையால் இழுக்கும் ஹேக்ஸா பிளேடே உத்தமம். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் கோடு போடுங்கள், பெயிண்ட் உரியாது. மூலைகளில் மட்டும் முன்கூட்டியே சின்னத் துளை போட்டுவிடுங்கள். கூர்மையான மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளேயே வெட்டி, மிச்சத்தை அரத்தால் ராவி எடுங்கள். குறைவாக வெட்டியதைப் பெரிதாக்கலாம், கூடுதலாக வெட்டியதை ஒட்ட முடியாது. கட்டர் கத்தியானால் ஒரே அழுத்தாக அழுத்தாமல், அதே கோட்டில் பலமுறை மெல்லக் கீறுங்கள். பிடித்திருக்கும் கை கத்தி போகும் பாதையில் இருக்கக் கூடாது. கண்ணாடி அணியச் சோம்பல் வேண்டாம், துணுக்கு நேராகக் கண்ணுக்குத்தான் தெறிக்கும்!

டேஷ்போர்டை வெட்டப் போகிறவர்களுக்கு ஒன்று: உள்ளே மஞ்சள் உறை போட்ட ஒயர் தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அது பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போகும் ஒயர்.