பிள்ளைகள் வீட்டுக்கு ஆறு மாதம்

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ "வந்து இருந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டதுமே வீட்டில் வடாம், ஊறுகாய்ப் பேச்சு தொடங்கிவிடும். அதற்கு முன் காலண்டரைப் பார்ப்பது நல்லது. பிள்ளைகள் சிகாகோ, மினசோட்டா பக்கம் இருந்தால் மே மாதம் கிளம்பி அக்டோபரில் திரும்புவதுதான் வசதி. டிசம்பரில் போனால் பனியில் வாசல் தாண்டுவதே பெரும்பாடு.

அடுத்தது விசா. டி.எஸ்-160 படிவத்தைப் பெரும்பாலும் பிள்ளைகளே நிரப்பிவிடுவார்கள். ஆனாலும் அதை அனுப்புமுன் பெற்றோர் ஒரு வரி விடாமல் படித்துவிட வேண்டும். பிள்ளைக்கு என்ன வேலை, எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள், செலவு யாருடையது என்ற கேள்விகள் நேர்காணலில் அவர்களிடம்தான் வரும். சென்னைத் துணைத் தூதரகத்தில் தமிழிலேயே பதில் சொல்லலாம்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விசா 10 ஆண்டுக்குக் கிடைத்தாலும், ஒரு பயணத்தில் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை இறங்கும் விமான நிலையத்து அதிகாரிதான் முடிவு செய்கிறார். வழக்கமாக 6 மாதம். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். போய் இறங்கிய வாரமே இணையத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அதைத் தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டால், வெளியேறியபின் 3 ஆண்டு திரும்ப நுழைய முடியாது. பேரப்பிள்ளை முகம் பார்க்க மூன்று ஆண்டு காத்திருப்பது சின்ன விஷயமில்லை.

இனி பெட்டி. பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வாழும் என்பதால் அங்கே தடை. பழம், விதை, இறைச்சியிலும் சிக்கல் வரும். எடுத்துப் போகும் தின்பண்டங்களைச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிட்டால் அபராதத்துக்கு இடமில்லை. துபாய் வழியாகப் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே கூடாது. அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். சாம்பார்ப் பொடியைப் பெரிய பெட்டியில் வைக்கலாம். கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் சோதனை நீளும். மருந்து மட்டும் கைப்பையில், அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் இருக்கட்டும்.

காப்பீட்டில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்க்கு எந்த அளவு பணம் தருவார்கள் என்பதை எழுத்தில் படித்துவிட்டே பணம் கட்ட வேண்டும். சக்கர நாற்காலி கேட்கவும் கூச்சம் வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவைத்தால், பெரிய விமான நிலையத்தில் அடுத்த விமானம் வரை ஒருவர் கூடவே வருவார்.

போய்ச் சேர்ந்த பிறகுதான் கஷ்டமான பகுதி. எட்டு மணிக்குப் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டால் மாலை வரை பேச்சுத் துணை இல்லை, கார் ஓட்டவும் வராது. எனவே முதல் வாரத்திலேயே வீட்டைக் கற்றுக்கொள்ள வேண்டும்: அடுப்பு, ஹீட்டர், கதவுப் பூட்டு, அவசர எண் 911. தாளிக்கும் புகைக்கே அலறும் அலாரத்தை எப்படி நிறுத்துவது என்றும் கேட்டுவைக்கலாம். பக்கத்து நூலகமும் பூங்காவும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் பகல் பொழுது கழிந்துவிடும்.

ஊர் சுற்றும்போது ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் இலவசப் பேருந்து ஓடுகிறது. முழங்கால் வலிக்காரர்களும் பார்க்கலாம். ஆனால் அது சுமார் 2,100 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும், அவசரம் கூடாது. நியூயார்க் போனால் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில். 1977இல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோயிலின் கீழ்த்தளத்தில் தோசை கிடைக்கும். நயாகராவில் எதிர்க்கரை கனடா. பாலம் கண்முன்னே தெரிந்தாலும் தனி விசா இல்லாமல் கடக்க முடியாது. அமெரிக்கக் கரையிலிருந்தே படகு உண்டு. அவர்கள் தரும் நீல பிளாஸ்டிக் அங்கி தலையையும் உடம்பையும் காக்கும், புடவைக் கொசுவம் நனைந்தே தீரும். மாற்று உடை ஒன்றைக் காரிலேயே வைத்துவிட்டு ஏறலாம்.