மைட்டர் சா இப்போதே வேண்டுமா?

அன்புள்ள கயல்,

முதல் சம்பளத்தில் மைட்டர் சா வாங்கிவிடட்டுமா, அது இல்லாமல் வீட்டுப் பட்டறையே நடக்காதாமே என்று கேட்டிருக்கிறாய். நடக்கும். இப்போது வாங்காதே.

மேலிருந்து இறங்கி மரத்தைக் குறுக்கேயும் கோணத்திலும் அறுக்கிற அந்த மெஷின் யாருக்காக வந்தது என்று பார். அமெரிக்காவில் வீட்டுச் சுவரே மரச்சட்டங்களால்தான் எழும்புகிறது. சுவருக்குள் நிற்கிற சட்டம், தரையோரப் பட்டி, கதவைச் சுற்றி அடிக்கிற பட்டி என்று ஓயாமல் குறுக்கே அறுத்துத் தள்ள வேண்டும். அந்தத் தச்சர்களுக்காக 1960-களில் வந்தது இது. நம் ஊரில் அதைப் பார்க்க வேண்டுமானால் அலுமினிய ஜன்னல் செய்கிற கடைக்குப் போ. ஒரே அளவில் நாள் முழுக்க அறுக்கிற அவர்களுக்கு அது சோறு போடுகிற கருவி.

நீ செய்ய நினைப்பதோ ஒரு புத்தக அலமாரி, ஒரு மேஜை, சில படங்களுக்குப் பிரேம். அலமாரிக்கான பிளைவுட் 8 அடிக்கு 4 அடி ஷீட்டாக வரும். அதை மைட்டர் சாவில் வைக்கவே முடியாது. 10 அங்குல பிளேடு போட்ட சாதாரண மைட்டர் சா ஏறக்குறைய 6 அங்குல அகலத்தோடு நின்றுவிடும். பிளேடு முன்னும் பின்னும் நகருகிற வகை 12 அங்குலம் வரை அறுக்கும். விலையும் எடையும் அதற்கேற்பக் கூடும். மேஜைப் பலகையை நீளவாக்கில் கிழிக்க இது ஆகவே ஆகாது. இந்த இரண்டு வேலைக்கும் கையில் பிடித்து ஓட்டுகிற ஒரு சர்குலர் சாவும், அதை ஒட்டி ஓட்ட நேரான பட்டை ஒன்றும், இரண்டு கிளாம்பும் போதும். இல்லாவிட்டால், அளவு கொடுத்தால் பல பிளைவுட் கடைகளில் அங்கேயே அறுத்துத் தருவார்கள். மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி அறுக்கிறவர்களைப் பார்த்திருப்பாய்; தயவுசெய்து நீ அதைச் செய்யாதே. அது கல்லுக்கான கருவி.

மிச்சம் பிரேம். மைட்டர் சாவின் ஆசையே அங்கேதான் வருகிறது. நாலு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டும் ஒரே பக்கம் அரை டிகிரி பிசகினால், மூன்று மூலையை இறுக்கி ஒட்டிய பிறகு நாலாவது மூலை 4 டிகிரி வாய் பிளந்து நிற்கும். மெஷின் 45 டிகிரியில் வந்து பூட்டிக்கொள்வதை மட்டும் நம்பிவிடக் கூடாது. எந்த ரம்பமானாலும் முதலில் 90 டிகிரியைச் சோதித்துப் பார். அகலமான துண்டு ஒன்றைக் குறுக்கே அறுத்து, ஒரு பாதியைப் புரட்டிப் போட்டு, இரண்டையும் நேரான பட்டையில் அணைத்து, அறுத்த முகங்களைச் சேர்த்து வை. நடுவே வெளிச்சம் தெரிந்தால் பிசகு இருக்கிறது. அந்த இடைவெளி பிசகை இரட்டிப்பாக்கிக் காட்டும், அதனால் தப்பவே தப்பாது.

கைவேலையில் இந்தத் துல்லியத்தைத் தருவது ஷூட்டிங் போர்டு. நீயே செய்துகொள்ளலாம். ஒரு பிளைவுட் துண்டின்மேல் அகலம் குறைந்த இன்னொன்றை ஒட்டினால் ஓரத்தில் ஒரு படி விழும். மேல்துண்டில், படிக்குச் சரியாக 45 டிகிரியில் ஒரு கட்டையைத் திருகி வை. தேக்குச் சட்டத்தைக் கோட்டுக்கு அரை நூல் வெளியே கைரம்பத்தால் அறுத்து, அந்தக் கட்டையில் அணைத்துப் பிடி. இழைப்புளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, படியின்மேல் ஓட்டு. ரம்பப் பல் விட்ட கீறல்கள் ஒவ்வொன்றாக மறைந்து முகம் வழவழப்பாகும். அப்படி இழைத்த இரண்டு முகங்கள் சேரும்போது பசைக்கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதை உன் கையால் ஒருமுறை செய்துவிட வேண்டும் என்பது என் ஆசை. எதிரெதிர்ச் சட்டங்களை ஜோடியாகப் பிடித்து நுனியை விரலால் தடவு. நீளம் மயிரிழை வித்தியாசப்பட்டாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். கோணம் சுத்தமாக இருந்தும் நீளம் பிசகினால் மூலை சேராது.

இதற்கெல்லாம் இழைப்புளி கூராக இருக்க வேண்டும். ஆகவே இந்த மாதம் நல்ல தீட்டுக்கல்லும் மூலைமட்டமும் வாங்கு.

நாளைக்கு யாராவது இருபது பிரேம் கேட்டால் என் பதில் மாறும். மைட்டர் சாவின் ஓரத்தில் ஒரு கட்டையை நிறுத்திவிட்டால் அளக்காமலே எல்லாச் சட்டமும் ஒரே நீளத்தில் வரும்; அந்த வேகத்துக்குக் கைரம்பம் ஈடுகொடுக்காது. அப்போது வாங்கு. 8 அடிச் சட்டத்தின் நுனியை அறுக்கவே ஒரு பக்கம் 8 அடி இடம் வேண்டும், அதைப் பார்த்துக்கொள். மோட்டார் 1500 வாட்டுக்கு மேல் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் செருகாமல் 16 ஆம்பியரில் செருகு. பிளேடின் பல் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். கை அதிலிருந்து 6 அங்குலமாவது தள்ளி இருக்கட்டும், சின்னத் துண்டைக் கையால் பிடிக்காதே. அறுத்து முடித்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு முழுதாக நின்ற பிறகு தூக்கு.

அன்புடன்,
பெரியப்பா