முதலும் ஊதியமும்

‘ஊதியம்’ என்னும் சொல்லை இன்று நாம் மாதந்தோறும் கைக்கு வரும் சம்பளம் என்ற பொருளிலேயே வழங்குகிறோம். திருக்குறளில் இச்சொல் வரும் இடங்களை எடுத்து நோக்கின், அங்கே அது ஆதாயம், பயன் என்னும் பொருளில் நிற்பதைக் காணலாம். போட்ட முதலும் பட்ட செலவும் போக எஞ்சி நிற்பதே வள்ளுவர் கண்ட ஊதியம். ஆக, சம்பளம் வேறு, ஊதியம் வேறு. இரண்டும் ஒரே சொல்லுக்குள் வந்து ஒடுங்கியதனால் ஏற்பட்ட மயக்கம் சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடவில்லை. அது நம் இளைஞர்தம் வாழ்க்கை முடிவுகளிலும் புகுந்திருக்கிறது என்பதே நம் கருத்து.

‘தெரிந்துசெயல்வகை’ என்னும் நாற்பத்தேழாம் அதிகாரத்தின் முதற்குறள், ஒரு செயலைத் தொடங்குமுன் அதனால் அழிவது எது, ஆவது எது, பின்னர் அது கொண்டுவந்து தரும் ஊதியம் எது என மூன்றையும் எண்ணச் சொல்கிறது. மூன்றாம் குறளோ, வரவிருக்கும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலில் அறிவுடையார் இறங்கார் என்கிறது. இவ்விரு குறள்களையும் அரசர்க்கும் வணிகர்க்கும் உரியனவாக மட்டும் கொண்டு படித்துத் தேர்வெழுதி மறந்துவிடுகிறோம். மாதச் சம்பளக்காரர்க்கும் ‘முதல்’ உண்டு. அஃது எது என்று அறியாமலேயே பலர் அதனை இழக்கின்றனர்.

நம் மாணவர்கள் பட்டம் பெற்று நான்கைந்து ஆண்டுகள் கழித்து நம்மைக் காண வரும்போது, பெரும்பாலும் ஒரே வினாவோடு வருகின்றனர். “சார், இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் கூடுதல் சம்பளத்துக்குப் போகலாமா?” ஊரில் பெரியவர்களிடம் மஷ்வரா கேட்டால், ‘இருப்பதை விடாதே’ என்பார் ஒருவர், ‘வயதிருக்கும்போதே போய்விடு’ என்பார் மற்றொருவர். இரண்டும் அவரவர் பட்டறிவிலிருந்து வந்த நல்லுரைகளே. ஆயினும் இரண்டிலும் கணக்கு இல்லை.

கணக்குக்காக ஒருவரைக் கற்பித்துக்கொள்வோம். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் நிலையான கணக்கர். பணியேற்று நான்காண்டு மூன்று மாதம் ஆகிறது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய். துபாயிலிருந்து 4,000 திர்ஹம் சம்பளத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. இவர் உடனே புறப்பட்டால் அழிவது என்ன?

முதலாவது பணிக்கொடை. 1972ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இவ்வுரிமை, 21.11.2025 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. மாதத்தை 26 நாளாகக் கொண்டு, பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்பது அளவு. நம் கணக்கருக்கு ஒரு நாளுக்கு 1,000 ரூபாய், ஓராண்டுக்கு 15,000, ஐந்தாண்டுக்கு 75,000. நிலையான பணியாளர் ஐந்தாண்டு நிறைவு செய்யவேண்டும் என்பது விதி. இன்று விலகினால் அத்தொகையில் அவர் கோரக்கூடியது ஒன்றுமில்லை. ஒன்பது மாதம் பொறுத்துப் போனால் முழுத்தொகையும் அவருடையது. (குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்க்கு இப்புதிய தொகுப்பின்படி ஓராண்டே போதும், தம் நியமன ஆணை எவ்வகையினது என்பதையே அறியாத பட்டதாரிகளை நாம் கண்டிருக்கிறோம்.)

இரண்டாவது, வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டம். நிதியிற் சேர்ந்த தொகை அவருடையதே. எங்குச் சென்றாலும் அழியாது. ஓய்வூதியத்துக்கோ பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். வெளிநாட்டில் உழைக்கும் ஆண்டுகள் அதில் சேரா. ஆனால், விலகும்போது அத்தொகையை எடுத்துச் செலவிடாமல் திட்டச் சான்றிதழ் பெற்று வைத்துக்கொண்டால், பின்னாளில் நாடு திரும்பி வேறொரு நிறுவனத்தில் சேரும்போது பழைய நான்காண்டும் கணக்கில் ஏறும்.

இனி ஆவது எது எனப் பார்ப்போம். 4,000 திர்ஹம் என்பது ஒரே தொகையன்று. அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று கேட்டல் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் பணிபுரிந்தவர்க்கு முதல் ஐந்தாண்டுகள் வரை ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம் பணி முடிவில் கிடைக்கும். அது அடிப்படைச் சம்பளத்தையே பொறுத்தது. அடிப்படை 2,000 எனில் ஆண்டுக்கு 1,400 திர்ஹம். முழுவதும் அடிப்படை எனில் 2,800. கையில் வரும் சம்பளம் ஒன்றுதான். பின்னே வரும் ஊதியம் இரு மடங்கு வேறுபடுகிறது. சவூதி அரேபியாவில் விதி வேறு. தாமே விலகுவோர் இரண்டாண்டு நிறையாமல் விலகினால் அங்கே இத்தொகை இல்லை. இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் எனில் மூன்றில் ஒரு பங்கே.

நாணய மாற்றின் மயக்கம் இதனினும் பெரிது. 1990இல் ஒரு திர்ஹம் ஐந்து ரூபாய்க்கும் குறைவு. 2022இல் அது இருபது ரூபாயைக் கடந்து நின்றது. முந்தைய தலைமுறைச் சபுராளிகள் கட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டு, 4,000 திர்ஹத்தை இருபதாலும் அதற்கு மேலும் பெருக்கி மகிழ்வது இளைஞர் இயல்பு. ஆனால் அங்கே அறை வாடகைக்கும் உணவுக்கும் கொடுக்கும் திர்ஹம் திர்ஹமாகவே செலவாகிறது. பெருக்கிப் பார்க்கத் தக்கது ஊருக்கு அனுப்ப எஞ்சும் தொகை மட்டுமே. அத்தொகையையும் ஆம்பூரில் வீட்டுச் சோற்றை உண்டு இவர் மிச்சப்படுத்தும் தொகையையும் அருகருகே எழுதிப் பார்க்கட்டும். பயணச் செலவுக்கு மனைவியின் நகையை அடகு வைத்திருந்தால், அதன் வட்டியையும் எழுதட்டும். சில வேளைகளில் இடைவெளி இன்னும் பெரியதாகவே இருக்கும். அப்போது போவதே முறை.

பிரிவுக்கும் விலை உண்டு. கடல்வழிப் பயணத்தில் மகளிரை உடனழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் குறிக்கிறது. அமீரகத்தின் 2019ஆம் ஆண்டு விதியோ, குடும்பத்தை வரவழைக்க 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும் என்றது. நம் கணக்கர் அந்த எல்லையைத் தொட்டு நிற்கிறார். சட்டம் இடம் தந்தாலும் வாடகை இடம் தருமா என்பது ஐயமே. ‘பட்டினப்பாலை’த் தலைவன், வளம் நிறைந்த காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பதாயினும் இவளைப் பிரிந்து வாரேன் என்று தன் நெஞ்சுக்குச் சொன்னான். பொருளைத் தேடிப் போகேன் என்ற அப்பாட்டைப் பாடிய உருத்திரங்கண்ணனார்க்கு அதற்காகப் பதினாறு இலட்சம் பொன் கிடைத்தது எனக் கலிங்கத்துப்பரணி கூறுவது சுவையான முரண்!

தொல்காப்பியர் இன்னொன்றும் சொல்கிறார். தலைவன் புறப்பாட்டைத் தள்ளிப்போடும் ‘செலவழுங்குதல்’ போகாமல் இருந்துவிடுவது ஆகாது. பிரிய இருப்பவளைத் தேற்றுவதற்காக நேரும் தாமதமே அது என்பது அவர் கருத்து. நம் கணக்கர் காத்திருக்கும் ஒன்பது மாதத்தையும் கோழைத்தனம் என்று யாரும் கூற வேண்டா. அழைத்த நிறுவனம் அதுவரை பொறுக்காது எனில், 75,000 ரூபாயை இழப்புப் பக்கத்தில் எழுதிவிட்டு, அதனை ஈடுசெய்ய எத்தனை மாதமாகும் எனக் கணக்கிட்டுப் போகலாம். இழப்பு இன்னதென்று தெரிந்து இழப்பது வேறு.

‘நிலையான பணி’ என்னும் தொடரையும் சற்றே ஐயுற்று நோக்குதல் வேண்டும். 1990 ஆகஸ்டில் குவைத்து ஆக்கிரமிக்கப்பட்டபோது ஏறத்தாழ 1,70,000 இந்தியர் விமானங்களில் நாடு திரும்பினர். பல்லாண்டுச் சேமிப்பை அங்கேயே விட்டு வந்தோர் அவர்களுள் பலர். 2020இல் பெருந்தொற்றின்போதும் வேலையிழந்தோர் விமானத்துக்குக் காத்திருந்தனர். எனவே வளைகுடாவே நிலையற்றது என்பர். ஆனால் 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த தமிழ்நாட்டு அரசு ஊழியர், ஆசிரியர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே ஆணையில் பணிநீக்கம் செய்யப்பட்டனர் என்பதும் வரலாறே. பின்னர்ப் பெரும்பாலோர் திரும்பச் சேர்க்கப்பட்டனர், அதுதான் வேறுபாடு. 1.4.2003 முதல் பணியேற்றோர்க்கு முந்தைய ஓய்வூதிய முறை நிறுத்தப்பட்டுப் பங்களிப்புத் திட்டம் கொண்டுவரப்பட்டதையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஒரே ஆசிரியர் அறையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவரின் ‘முதல்’ அந்நாளிலிருந்து ஒன்றாக இல்லை.

அந்நாளுக்கு முன் அரசுப் பணியிலோ உதவிபெறும் நிறுவனப் பணியிலோ சேர்ந்த மூத்தோர் இன்று இருபதாண்டைக் கடந்துவிட்டனர். தனியார் நிறுவனங்களிலிருந்து அழைப்பு வரும்போது, அவர்கள் ‘ராஜினாமா’ என்று எழுதிக் கொடுக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறோம். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் (1978) படி, பணிதுறந்தவர் அதுவரை ஆற்றிய பணிக்காலத்தை இழப்பார். உரிய காலம் முடித்து, மூன்று மாத முன்னறிவிப்புடன் ‘விருப்ப ஓய்வு’ கேட்டவர்க்கோ ஓய்வூதியம் உண்டு. இரண்டும் ஒன்றே என வாதிட்ட ஓர் ஊழியரின் வழக்கில், இருபதாண்டு முடித்திருந்தாலும் பணிதுறப்பு பணிதுறப்பே என 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விண்ணப்பத்தில் எழுதும் ஒரு சொல்லில் ஆயுட்கால ஓய்வூதியம் தங்கியிருக்கிறது. தமிழ்த்துறையினர் சொல்லாய்வில் காட்டும் கவனத்தை இவ்விடத்திலும் காட்டலாம்.

இருந்துவிடுவதிலும் முதல் கரைவதுண்டு. இருபத்தைந்து வயதில் ஒருவர் கற்ற தொழில், பயன்படுத்த வாய்ப்பில்லாத நாற்காலியில் ஐந்தாண்டு கிடந்தால் துருப்பிடிக்கும். பணிக்கொடையோ ஓய்வூதியமோ இன்னும் திரளாத, குடும்பப் பொறுப்பு மிகாத இளைஞர், நல்ல பயிற்சி தரும் இடத்துக்குப் போகலாம் என்றே நாம் சொல்கிறோம். சம்பளம் சிறிதளவே கூடினாலும் போகலாம். அவருடைய முதல் அவர் கற்றிருக்கும் தொழிலே.

முடிவு செய்தபின் செய்யவேண்டியவை சில. புதிய நியமன ஆணை எழுத்து வடிவில் கைக்கு வரும்வரை பழைய இடத்தில் வாய் திறக்கலாகாது. முன்னறிவிப்புக் காலத்தை முழுமையாகப் பணிபுரிந்து கழிக்கவேண்டும். விதி இடம் தருமாயின், விலகுவதற்குப் பதிலாக ஊதியமில்லா விடுப்புக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பார்க்கவேண்டும். பணி விடுவிப்பு ஆணை, அனுபவச் சான்றிதழ், கடைசிச் சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண் ஆகியவற்றின் படிகளை எடுத்து, ஒரு தொகுதியை வீட்டிலுள்ளோர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்படுதல் வேண்டும்.